வீடு பார்க்கப் போகும் முன் படிக்கவும் – கேரளாவின் கொழிஞ்சாம்பாறை ஆஷா (ஊர் சுகாதாரப் பணியாளர்) குழு

அக்காமார்களே,

கையை அறுத்துக்கொண்ட பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் போனால் நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா கண்ணு?" கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம். முன்பு ஒரு வீட்டில் (ஊர், பெயர் வேண்டாம்) துப்பட்டாவால் மணிக்கட்டை மூடியபடியே எனக்குச் சாயா ஊற்றித் தந்தாள் ஒருத்தி. கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அப்புறம் ஒரு மணி நேரம் பேசினாள்.

தற்கொலை ஆபத்தை மதிப்பிடும் படிவம் மலையாளத்தில் இருக்கட்டும், கேள்வி தமிழில் இருக்கட்டும். மார்க்கைக் கூட்டி "ஆபத்து குறைவு" என்று எழுதிவிட்டு வராதீர்கள். மதிப்பெண்ணை வைத்து யார் தற்கொலை செய்வார் என்று கணிக்கக் கூடாது என்று இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்கள் வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பே 2022 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. என்ன நடந்தது, ராத்திரி தூக்கம் உண்டா, கூட யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். முன்பே ஒருமுறை முயன்றவர்கள் என்றால் கூடுதல் கவனம்.

தோப்பு வீடுகளில் பூச்சிமருந்தைப் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னால் தனியே விடாதீர்கள். உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள். டெலி மானஸ் (அரசின் மனநல உதவி எண்) 14416, 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். ராத்திரி எந்நேரமானாலும் என்னையும் கூப்பிடுங்கள்.