ப்ரோக்கன் ஜூனியருக்கு அந்த ஆட்டத்தைக் கொடுங்கள்

அதிமனித மல்லர்கள் மோதும் ஜப்பானியத் தொடரான கின்னிகுமேனை மங்காவாக (படக்கதையாக) எழுதி வரைபவர்களுக்கும் அனிமே எடுப்பவர்களுக்கும் வணக்கம்.

1983இல் தொடங்கிய பழைய அனிமேயை மறுபடி பார்த்ததில் வந்த ஆதங்கம்தான் இந்த மடல். கதையில் வரும் 20வது அதிமனிதர் ஒலிம்பிக்கில் ப்ரோக்கன் ஜூனியரின் அப்பா ப்ரோக்கன்மேன் சாகும் இடம். மங்காவில் எதிராளி ராமென்மேன் அவர் முதுகில் உட்கார்ந்து, தாடையைப் பிடித்துப் பின்னால் இழுத்து, உடலையே இரண்டாகக் கிழிக்கிறார். கொடூரம்தான், ஆனால் அது சாவு என்று நமக்கு உறைக்கிறது. அனிமேயிலோ அதே மனிதரை நூடுல்ஸ் ஆக்கிச் சாப்பிட்டே விடுகிறார். குழந்தைகள் பார்ப்பார்கள் என்று மாற்றியிருப்பீர்கள், சரி. ஆனால் அப்பாவை அப்படிப் பறிகொடுத்த ஜூனியர் பழிவாங்க வரும்போது பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்களே, அவன் கோபத்தை யார் மதிப்பார்கள்?

அந்தப் பையன் 21வது ஒலிம்பிக்கில் அதே ராமென்மேனிடம் தோற்றான். அப்புறம் மிஸ்டர் காமென் என்ற வில்லனிடம் மாட்டிக்கொண்டபோது காப்பாற்ற வந்ததும் அதே ராமென்மேன். அப்பாவைக் கொன்றவரிடமே உயிர்ப்பிச்சை வாங்கி, அவரையே மதிக்கக் கற்றுக்கொண்டு, கூட நின்று சண்டை போடுகிறான். இந்தத் தொடரில் இதைவிடக் கனமான மனசு வேறு யாருக்கும் இல்லை என்பேன். அதனால்தான் கேட்கிறேன், வளர்ந்துவிட்ட ஜூனியருக்கு ராமென்மேனோடு ஒரு முழு ஆட்டம் கொடுங்கள். பழி தீர்க்க வேண்டாம், ஜெயிக்கக்கூட வேண்டாம். சமமாக நிற்கட்டும்.

ஜாக் சீ என்ற எதிராளியை ஜூனியர் வென்ற ஆட்டத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், அவரால் முடியும். 'பெர்லினின் சிவப்பு மழை' என்று கையைக் கத்தியாக்கி வீசும் அந்த ஒரு வெட்டுக்காகவே காத்திருக்கும் ரசிகர்கள் இருக்கிறோம். ஆனால் புதியவன் எவ்வளவு பலசாலி என்று காட்டவேண்டுமென்றால் முதலில் அடிவாங்குவது இவரைப் போன்றவர்கள்தான். ஃபேமிகாம் என்ற ஜப்பானிய வீடியோகேம் கருவிக்கு வந்த விளையாட்டில் ஜூனியர் இருந்தார்; அதன் அமெரிக்கப் பதிப்பில் அவரைத் தூக்கிவிட்டு ஜெரோனிமோ என்ற வேறொரு மல்லனைப் போட்டார்கள். நாஜி ராணுவத்தை நினைவூட்டும் அந்த உடைதான் பிரச்சினை என்றால், அதை மாட்டிவிட்டது நீங்கள், அவர் இல்லை. அவர் அணியும் மண்டையோட்டுச் சின்னம் மட்டும் இருந்தால் போதும், உடையை மாற்றுங்கள். ஒரு ரசிகரும் கோபிக்க மாட்டார்.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடமாக இந்தக் கதையை விடாமல் சொல்லிவருவதற்கு நன்றி. ராமென்மேனும் ஜூனியரும், நடுவில் காப்பாற்ற யாரும் வராமல், மணி அடித்ததிலிருந்து முடிவு வரை ஒரு ஆட்டம். தயவுசெய்து கொடுங்கள்.

இப்படிக்கு,
ஜூனியரின் ரசிகன்