பெயின்ட்டைப் பார்த்தது போதும், ஃபோர்க்கைக் கழற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்பன் ரோடு சைக்கிள் வாங்குவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சைக்கிள் பழுதுபார்ப்பது என் தொழில். கட்டுரையில் சொன்னது எதுவும் தவறில்லை. சொல்லாமல் விட்டதுதான் உறுத்துகிறது. பெயின்ட்டில் கீறல் இருக்கிறதா பாருங்கள், நாணயத்தால் பிரேமைத் தட்டிக் கேளுங்கள், கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். இவ்வளவும் செய்த பிறகும் ஆளைக் கவிழ்க்கிற இடம் கண்ணில் படாமலே இருக்கும். அது ஸ்டெம்முக்குள், அதாவது ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் பாகத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவைதான் ஃபோர்க். அதன் மேல்பகுதி ஒரு குழாயாக பிரேமுக்குள் ஏறி வருகிறது. அந்தக் குழாயை ஸ்டியரர் என்பார்கள். அதன் தலையைத்தான் ஸ்டெம் கவ்விப் பிடித்திருக்கிறது. நல்ல ரோடு சைக்கிள்களில் இந்தக் குழாயும் கார்பன்தான். கார்பன் நார்களை எபாக்சி பிசினோடு அடுக்கடுக்காகப் படியவைத்துச் செய்யும் பொருள் இது. நார் ஓடும் திசையில் எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். பக்கவாட்டில் ஓரிடத்தில் நெரித்தால் உள்ளுக்குள் அடுக்குகள் விட்டுப்போகும். ஸ்டெம் போல்ட்டைக் கைக்கு வந்தபடி முறுக்குகிறவர்கள் செய்வது இந்த நெரிப்பைத்தான். பல ஸ்டெம்களில் 5 நியூட்டன் மீட்டர் என்று முறுக்க வேண்டிய அளவே அச்சிட்டிருக்கும். அதைப் படிக்கிறவர்களும் குறைவு, அந்த அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வைத்திருக்கிறவர்களும் குறைவு.

ஒரு கல்லூரி மாணவர், வாங்கப்போகும் சைக்கிளோடு விற்பவரையும் அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பெயின்ட் கண்ணாடி போல மின்னியது. கியர் வெண்ணெயாக விழுந்தது. "ஃபோர்க்கை இறக்கிப் பார்க்கலாமா?" என்றேன். "எதற்கு சார்? நன்றாகத்தானே இருக்கிறது" என்றார் விற்பவர். மாணவர் வற்புறுத்தியதால் சம்மதித்தார். ஸ்டெம்மின் கீழ் விளிம்பு பதிந்திருந்த இடத்தில், குழாயைச் சுற்றிப் பாதி வட்டத்துக்கு ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. பிசின் கோடு என்றார் விற்பவர். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன்; போகவில்லை. நகத்தை மேலிருந்து கீழே ஓட்டினேன், கோட்டில் தடுக்கியது. குழாய்க்குள் விரிந்து பிடிக்க வேண்டிய பிளக், ஸ்டெம் கவ்வும் இடத்துக்கும் கீழே இறங்கிக் கிடந்தது. உள்ளிருந்து தாங்குவதற்கு எதுவும் இல்லாத குழாயை ஸ்டெம் வெளியிலிருந்து கடித்துக்கொண்டிருந்திருக்கிறது. விற்பவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவரும் அதன் மேல்தான் சவாரி செய்துகொண்டிருந்தார்.

அலுமினியம் நசுங்கினால் பள்ளம் தெரியும். எஃகு வளையும். கார்பன் பெரும்பாலும் வெளியே எதையும் காட்டிக்கொள்ளாமல், உடைகிற நேரத்தில் ஒரேயடியாக உடையும். ஸ்டியரர் உடைந்தால் ஹேண்டில்பார் கையோடு வந்துவிடும். பிரேக்கும் அதில்தான் இருக்கிறது.

நாணயத்தால் தட்டும் சோதனையை நான் ஏளனம் செய்யவில்லை. அடுக்குகள் விட்ட இடத்தில் 'டக்' என்று மந்தமாக ஒலிக்கும். ஆனால் பிரேமின் சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனம் இல்லை. மூட்டுகளில் தடிமன், நடுவில் மெலிசு. ஒலி மாறுவது இயல்பு. ஆகவே இடப்பக்கம் தட்டிய அதே இடத்தை வலப்பக்கமும் தட்டி ஒப்பிட வேண்டும். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் அல்ட்ராசவுண்ட் சோதனைதான் வழி.

சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டையும் முழுதாக உருவிக் காட்டச் சொல்லுங்கள். அலுமினிய போஸ்ட் கார்பன் பிரேமுக்குள் வியர்வையும் தண்ணீரும் பட்டு வருடக்கணக்கில் கிடந்தால் அரித்து இறுகிப்போகும். வராத போஸ்ட்டை வரவைக்கப் போய் பிரேமை இழந்தவர்கள் உண்டு. சக்கரத்தின் விளிம்பான கார்பன் ரிம்மிலேயே பிரேக் பிடிக்கும் பழைய வகையானால், ரிம்மின் பக்கவாட்டில் விரலை ஓட்டிப் பாருங்கள். நீண்ட இறக்கங்களில் சூடேறிய ரிம் உப்பியிருக்கும்.

இன்னொன்றும் கட்டுரையில் வரவில்லை. சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனம் 2023 செப்டம்பரில், தனது 11 வேக டியூரா-ஏஸ், அல்டெக்ரா வகைகளில் ஒட்டிச் செய்த கிராங்குகளை (பெடல் பொருத்தும் கைகளை) பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தது. 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை தயாரானவை அவை. ஒட்டு விட்டுப் பிரியும் ஆபத்து இருந்தது. இன்று கைமாறும் பழைய கார்பன் சைக்கிள்களில் ஏராளமானவை அந்தக் காலத்தவைதான். கிராங்க் கையின் உட்புறத்தில் தயாரிப்புக் குறியீடு இருக்கும். அதைப் பாருங்கள்; பரிசோதித்தாயிற்றா, மாற்றியாயிற்றா என்று விற்பவரிடம் கேளுங்கள். பிரேமின் அடியில் உள்ள வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். திருட்டுச் சைக்கிளா என்று விசாரிக்க உதவும். பெரும்பாலான நிறுவனங்களின் உத்தரவாதம் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடுகிறது என்பதையும் விலை பேசும்போது நினைவில் வைக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பழைய கார்பனே வேண்டாம் என்று யாரும் ஓடிவிடக் கூடாது. ஐந்து வருடத்தில் கார்பன் செத்துவிடும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது வெறும் புரளி. அடிபடாத, நெரிபடாத பிரேம் நெடுங்காலம் உழைக்கும். ஓடியே களைத்துப்போவது அலுமினியத்துக்குத்தான் அதிகம். பிரேமில் விரிசல் விட்டாலும் அந்த இடத்தைத் தேய்த்து எடுத்து, புது அடுக்குகள் வைத்துச் சீராக்குகிற கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஃபோர்க் மட்டும் அப்படி அல்ல. ஸ்டியரரை ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

ஸ்டெம்மைக் கழற்றி, ஃபோர்க்கை இறக்கி, பார்த்துவிட்டு மறுபடி மாட்டத் தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை. அதற்கு மறுக்கிற விற்பனையாளரிடம் விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள். வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் வாரம் என்று போட்டிருக்கிறீர்கள். முதல் பகுதிக்கு அரைப் பக்கத்துக்குப் பளபளக்கும் சைக்கிள் ஒன்றின் படம் வந்திருந்தது. இம்முறை அதில் பாதி இடத்தையாவது கழற்றி வைத்த ஃபோர்க்கின் படத்துக்கு ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சைக்கிள் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்