ரால்ஃப் வெர்னி எடுத்து வைத்த கடிதங்கள்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, பதில் இல்லையே என்று வருத்தப்பட்டிருப்பாய். இவருக்குக் கண்புரை எடுத்தார்கள். அப்புறம் நாள் முழுக்கச் சொட்டு மருந்து, தலைக்குக் குளிக்கக் கூடாது, குனியக் கூடாது என்று ஒரு மாதம் போய்விட்டது. இப்போது நன்றாகத் தெரிகிறது, காலையில் பேப்பரைத் தானே படிக்கிறார்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில் இரண்டு வேலை செய்தேன். ஒன்று, அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். அப்பா வெளியூரில் வேலையில் இருந்தபோது அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் நூல் கட்டி அப்படியே இருக்கின்றன. "நீ எழுதியதைப் படித்தேன்" என்று ஒவ்வொன்றிலும் அப்பா எழுதியிருக்கிறார், ஆனால் அம்மா என்ன எழுதினாள் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. அவள் கடிதங்களை அப்பா வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது வேலை, சர் ரால்ஃப் வெர்னி என்ற ஒருவரைப் பற்றிப் படித்தது. இரண்டும் மனதில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ரால்ஃப் 1613இல் பிறந்தவர். இங்கிலாந்தில் பக்கிங்ஹாம்ஷயரில் கிளேடன் என்ற ஊரில் நிலபுலன் உள்ள குடும்பம். 1629இல் கல்யாணம், அவருக்குப் பதினைந்து வயது, பெண் மேரிக்குப் பதின்மூன்று. பெற்றோர் இல்லாத பெண், சொத்து மட்டும் நிறைய. நம் பாட்டிகள் காலத்துக் கதை போலத்தான் இருக்கிறது, இல்லையா? ஆனால் இந்தப் பெண் மாதிரி ஒருத்தியை நான் படித்ததே இல்லை.

முதலில் மாமனாரைச் சொல்லிவிடுகிறேன். சர் எட்மண்ட் வெர்னி, முதலாம் சார்லஸ் மன்னரின் அரண்மனையில் பெரிய பதவியில் இருந்தவர். 1642இல் மன்னருக்கும் பார்லிமெண்டுக்கும் போர் மூண்டபோது, மன்னர் இறங்கிவந்து சமாதானம் செய்துகொள்ள வேண்டும் என்றுதான் அவர் மனம் சொன்னது. ஆனாலும் கிட்டத்தட்ட முப்பது வருஷம் மன்னரின் ரொட்டியைத் தின்றிருக்கிறேன், இப்போது விட்டுவிட்டுப் போகும் ஈனத்தனத்தைச் செய்ய மாட்டேன் என்று மன்னர் பக்கத்து ஹைட் என்பவரிடம் சொன்னார். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் கர்ணனுக்குச் சொல்வோமே, அதேதான். அந்த அக்டோபர் 23 அன்று எட்ஜ்ஹில் போரில் மன்னரின் கொடியைப் பிடித்தபடி செத்தார். உடல் கிடைக்கவே இல்லை.

மகன் ரால்ஃபோ அப்போது பார்லிமெண்டில் உறுப்பினர், எதிர்ப்பக்கம். அப்பா மேல் உயிர் அவருக்கு. எட்மண்ட் என்றே பெயருள்ள ஒரு தம்பி, நீ எப்படி அப்பாவுக்கு எதிராக நிற்கலாம் என்று கடுமையாக எழுதினான், அந்தக் கடிதத்தையும் ரால்ஃப் கிழித்துப் போடாமல் வைத்திருக்கிறார். 1649இல் அயர்லாந்தில் திராகிடா என்ற ஊரில் பார்லிமெண்டுத் தளபதி குரோம்வெல்லின் படையிடம் அந்தத் தம்பியும் மாண்டான்.

அப்புறம் ரால்ஃபுக்கே வந்தது சோதனை. 1643இல் உறுப்பினர்கள் எல்லோரும் ஒரு மத உடன்படிக்கைக்குச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார்கள். மனச்சாட்சி ஒப்பவில்லை என்று மறுத்தார், மனைவியையும் மூத்த மகனையும் மகள் பெக்கையும் கூட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போய்விட்டார், சின்னவன் ஜாக்கை மட்டும் கிளேடனில் விட்டுவிட்டு. எந்தப் பக்கம் நின்றாரோ அந்தப் பார்லிமெண்டே அவரை 1645இல் நீக்கியது, நிலத்தையும் முடக்கியது. இரண்டு பக்கமும் இல்லாமல் போன மனிதர். பிடிவாதக்காரர் என்று சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொய்ச் சத்தியம் செய்ய முடியாத ஒருவர், அவ்வளவுதான்.

நிலத்தை யார் போய் மீட்பது? அவர் போனால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். குடும்ப உறவினரும் மருத்துவருமான டாக்டர் டென்டன், பெண்கள் இப்போது போல எப்போதும் உதவியதில்லை, மேரியை அனுப்பு என்று எழுதினார். 1646 கடைசியில் மேரி லண்டன் வந்தாள், கர்ப்பிணியாக. ஒவ்வொரு உறுப்பினர் வீட்டு வாசலிலும் போய் நின்றாள், கெஞ்சினாள், காத்திருந்தாள். ஒன்றரை வருஷம் ஓடியது. நம்மூர்த் தாலுக்கா ஆபீஸ் படிகளில் பட்டாவுக்காக நின்றவர்களுக்கு அவள் நிலைமை புரியும்.

அந்த ஒன்றரை வருஷத்தில் இவர்கள் எழுதிக்கொண்ட கடிதங்கள்தான் என்னைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஆண் குழந்தை பிறந்தால் உன் பெயரைத்தான் வைப்பேன், மறுத்துப் பேசாதே என்று எழுதுகிறாள். கிளேடனுக்குப் போய்ப் பார்க்கிறாள், வீடு பாழாய்க் கிடக்கிறது, துணியெல்லாம் நைந்துவிட்டது. ஜாக்கின் கால்கள் வளைந்து போயிருக்கின்றன, ஆனால் துடிப்பான பிள்ளை, அப்பாவிடம் வர ஆசைப்படுகிறான் என்று எழுதுகிறாள். அவர் பிரான்சில் உட்கார்ந்துகொண்டு, நான் கேட்டதற்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பதில் எழுதவில்லையே என்று குறைப்படுகிறார்! இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் கோபமே வந்தது. இவள் அங்கே எத்தனை வாசல் ஏறி இறங்குகிறாள்.

1647 ஜூனில் பையன் பிறந்தான், ரால்ஃப் என்றே பெயர் வைத்தாள். அக்டோபரில் பிரான்சில் புளுவா என்ற ஊரில் பெக் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக இறந்துபோனாள். இங்கே கிளேடனில் வளர்க்க விட்டிருந்த கைக்குழந்தையும் கிட்டத்தட்ட அதே நாட்களில் போய்விட்டது. மேரியிடம் இதை எப்படி, எப்போது சொல்வது என்று ரால்ஃப் டாக்டருக்கு எழுதிய சில வரிகளைப் படித்துவிட்டு, அன்றைக்கு அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. ஒரு கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளை, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை.

இவ்வளவுக்கும் பிறகு, 1648 ஜனவரியில் நிலத்தின் முடக்கத்தை நீக்கும் உத்தரவை அவள் வாங்கியே விட்டாள். ஜாக்கைக் கூட்டிக்கொண்டு பிரான்சுக்குத் திரும்பினாள். 1650 மே மாதம் இறந்தும் போனாள், முப்பத்து நான்கு வயதில். உடலைக் கிளேடனுக்கு அனுப்பி அங்கேதான் புதைத்தார்கள். ரால்ஃப் இன்னும் நாற்பத்தாறு வருஷம், 1696 வரை இருந்தார், மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

பின்னாளில் எல்லாம் ஓரளவு சீர்பட்டது. 1653இல் ஊர் திரும்பினார், இடையில் குரோம்வெல் சிறையில் கொஞ்ச காலம், 1661இல் பாரோனெட் என்ற பரம்பரைப் பட்டம். மூத்த மகனின் மனைவிக்கு மனநிலை சரியில்லை, அவன் அப்பாவுக்கு முன்பே 1688இல் போய்விட்டான். கால் வளைந்திருந்த அந்த ஜாக்தான் சிரியாவில் அலெப்போ வரை போய் வியாபாரம் கற்றுத் திரும்பி, கடைசியில் கிளேடனுக்கு வாரிசானான். அதைப் படித்தபோது மேரி இருந்து பார்த்திருக்கலாமே என்று இருந்தது. ஒன்று சொல்ல விட்டுப்போனது: அந்தக் குடும்பத்தில் துக்கத்துக்கென்று கறுப்புத் துணி போர்த்திய பெரிய கட்டில் ஒன்று இருந்தது, உறவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அங்கே இரவல் போகும்.

ரால்ஃப் வந்த கடிதம் எதையும் எறியவில்லை, தான் எழுதியவற்றின் நகலையும் வைத்துக்கொண்டார். குடும்பத்தில் சேர்ந்தவை மொத்தம் 30,000க்கு மேல். இருநூறு வருஷம் கழித்து அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பார்த்தனோப்பி, ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் அக்கா, உட்கார்ந்து அவற்றைப் படித்துத் தொகுத்தாள். 1892இல் அது புத்தகமாக வரத் தொடங்கியபோது அவள் உயிரோடு இல்லை. குறைப்பட்டுக்கொண்ட அந்த மனிதர் மேல் என் கோபம் போனது இங்கேதான். மேரி எழுதியதை அவர் பத்திரமாக வைத்திருந்தார். அதனால் அவள் குரல் எனக்குக் கேட்கிறது, என் அம்மாவின் குரல் அந்தப் பெட்டியில் இல்லை.

சரி, ஒரு வேலை செய். ஹாஸ்டலை விட்டு வந்த புதிதில் நான் உனக்கு வாரம் ஒன்று என்று நீல இன்லாண்ட் லெட்டரில் எழுதினேனே, அவை உன் வீட்டுப் பரணில் இருந்தால் எடுத்து வை. உன்னுடையவை இங்கே என் பீரோவில் இருக்கின்றன, பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன். மாவடு போட்டிருக்கிறேன், உனக்கும் ஒரு ஜாடி உண்டு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி