சூளைக் கல்லும் எரிமலைக் கல்லும்

லிவர்பூல்,
டிசம்பர் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்கிறீர்களா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கார்த்திகை தீபத்துக்கு வீடு நிறைய விளக்கு ஏற்றியதாகத் தம்பி சொன்னான். இங்கே மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. மெர்சி ஆற்றுப் பக்கமிருந்து அடிக்கும் காற்றில் குடை நிற்பதில்லை. மழையிலும் ஜனங்கள் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நடக்கிறார்கள். நானும் பழகிவிட்டேன். சோறு, குழம்பு எல்லாம் நானே வைத்துக்கொள்கிறேன். பருப்புப்பொடி இன்னும் இருக்கிறது, அம்மாவிடம் சொல்லுங்கள்.

கல்லைச் சுடுவதற்கு அவ்வளவு தூரம் போகவேண்டுமா என்று மாமா கேட்டதாகச் சொன்னீர்கள். போனில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். உங்களுக்கு விளக்குவது எனக்கு எளிது. பழைய கற்களைச் சுட்டு, அவை உருவான காலத்தில் பூமியின் காந்தம் எவ்வளவு வலுவாக இருந்தது என்று அளப்பதுதான் என் வேலை. அதில் பாதி நம் செங்கல் சூளையிலேயே நடக்கிறது.

களிமண்ணில் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தாதுத் துகள்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று மேக்னடைட். சூளையில் தீ ஏறி 580 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அது தன் காந்தத்தை முழுவதும் இழந்துவிடுகிறது. பிறகு நீங்கள் சூளையை ஆறவிடுகிறீர்கள் அல்லவா, அந்த நாட்களில் பூமியின் காந்தப்புலம் அத்துகள்களில் பதிந்து நின்றுவிடுகிறது. புலம் வலுவாக இருந்தால் பதிவும் வலுவாக இருக்கும். மெலிந்திருந்தால் பதிவும் மெலியும். எரிமலைக் குழம்பு ஆறிப் பாறையாகும்போதும் இதுவேதான் நடக்கிறது. நம் சூளையில் வெந்த ஒவ்வொரு கல்லிலும் அந்த வருடத்துப் பூமியின் காந்த வலு இருக்கிறது, அப்பா. இதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது.

அந்த வலுவைத் திரும்ப எடுப்பதுதான் எங்கள் வேலை. பாரிஸில் எமீல் தெலியே, ஓடெத் தெலியே என்று ஒரு தம்பதி இருந்தார்கள். பழைய செங்கற்களையும் சுட்ட மண்ணையும் வைத்துப் பல ஆண்டுகள் உழைத்து, 1959இல் இதற்கான முறையை விரிவாக எழுதினார்கள். இன்றும் அதைத்தான் சில மாற்றங்களுடன் பின்பற்றுகிறோம். பாறையிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தடிமனில் உருளையாக ஒரு துண்டு எடுப்போம். வெளிக் காந்தம் எதுவும் எட்டாத அடுப்பில் 100 டிகிரிவரை சூடாக்கி ஆறவிட்டால் பழைய காந்தத்தில் கொஞ்சம் போய்விடும்; எவ்வளவு போயிற்று என்று அளப்போம். அதே சூட்டில் மறுபடி வைத்து, நாங்களே அளவாகக் கொடுத்த காந்தப்புலத்தில் ஆறவிடுவோம். எவ்வளவு ஏறியது என்று அளப்போம். போனதையும் ஏறியதையும் ஒப்பிட்டால் பழைய புலத்தின் வலு கிடைக்கும். இப்படி 150, 200 என்று படிப்படியாக 580வரை போகவேண்டும். நடுவில் பழைய படிக்கு இறங்கிச் சரிபார்க்கவும் வேண்டும், ஏனென்றால் சூட்டில் கல்லே மாறிவிடலாம். கறுப்பாக உள்ளே போன எரிமலைக் கல் செம்பழுப்பாக வெளியே வந்தால் மனம் சோர்ந்துவிடும். உள்ளே புதுத் தாது பிறந்துவிட்டது, இனி அது சொல்வதை நம்ப முடியாது. இதற்காகத்தான் கல்லை அதிகம் சுடாமல், மைக்ரோவேவ் அலையால் துகள்களை மட்டும் கிளறும் ஒரு கருவியை லிவர்பூலில் உருவாக்கினார்கள்.

உங்களுக்குப் பிடித்த செய்தி ஒன்று. இராக்கில் கிடைத்த 32 பழைய செங்கற்களை இதேபோல் அளந்து 2023இல் வெளியிட்டார்கள். ஒவ்வொன்றிலும் அப்போது ஆண்ட மன்னனின் பெயர் இருக்கிறது, நம் கல்லில் தாத்தாவின் எழுத்து இருப்பதுபோல. பெயரை வைத்துக் காலம் தெரிகிறது, கல்லை வைத்துக் காந்தம் தெரிகிறது. பாபிலோன் மன்னன் இரண்டாம் நேபுகாத்நேச்சார் காலத்துக் கற்களைப் பார்த்தால், அந்த ஒருவன் ஆட்சிக்குள்ளேயே காந்த வலு வேகமாக மாறியிருக்கிறது. அந்தக் கல்லை அறுத்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது. அவர் வேலைதான் இன்றும் பேசுகிறது.

இன்னும் பின்னால் போனால் கனடாவில் செத்தில் என்ற இடத்துப் பாறைகள். வயது 56.5 கோடி ஆண்டுகள். அப்போது பூமியின் காந்தம் இன்றிருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று 2019இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். பூமியின் நடுவிலுள்ள திட இரும்பு உருண்டை அதற்குப் பிறகுதான் உறையத் தொடங்கி, காந்தத்துக்குப் புது வலு கொடுத்திருக்கவேண்டும் என்பது அவர்கள் கருத்து. 2015இல் லிவர்பூல் குழு வேறு பாறைகளைக் கொண்டு, அது 100 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. தீர்ப்பு கற்களில்தான் இருக்கிறது. நல்ல கல் கிடைப்பதுதான் அரிது. மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

நம்மூருக்கும் இதில் ஓர் இடம் உண்டு. பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் காந்த நடுக்கோடு நம் திருநெல்வேலிக்கு மிக அருகில் செல்கிறது. அதனால்தான் கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வகம் வைத்திருக்கிறார்கள். நம்மூரில் காந்த ஊசியைத் தடையில்லாமல் தொங்கவிட்டால் ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். இங்கே அது தரையை நோக்கி 70 டிகிரிக்குப் பக்கமாகக் குத்திட்டு நிற்கிறது. வலுவும் வேறு: காந்த வலுவை அளக்கும் மைக்ரோடெஸ்லா என்ற அலகில் நம்மூரில் சுமார் 40, இங்கே 49 அளவில்.

ஓர் உதவி வேண்டும். மாட்டுத் தொழுவச் சுவரைப் பொங்கலுக்குப் பிறகு இடிக்கப்போவதாகச் சொன்னீர்கள். அதில் தாத்தா அறுத்த கற்கள் இருக்கின்றன. நம் நாட்டில் 1840களிலிருந்தே பம்பாய் கொலாபாவிலும் பிறகு அலிபாகிலும் பூமியின் காந்தத்தை அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே தாத்தா காலத்துப் புலம் எவ்வளவு என்று கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். அவர் கல்லும் அதையே சொல்கிறதா என்று பார்த்தால், எங்கள் முறை எவ்வளவு நம்பத்தக்கது என்பது தெரியும். ஹவாயில் 1960இல் வழிந்த எரிமலைக் குழம்பில் இப்படிச் சோதித்தபோது, சில கற்கள் உண்மையான அளவைவிட அதிகமாகக் காட்டின. அதனால் இந்தச் சோதனை எனக்கு முக்கியம்.

நன்றாக வெந்த கல்லாக நாலைந்து எடுத்து வையுங்கள். எந்த வருடத்துச் சூளை என்று பெரியப்பாவிடம் கேட்டுப் பென்சிலால் எழுதுங்கள். ஸ்பீக்கர், மோட்டார் பக்கத்தில் வைக்கவேண்டாம். வெந்நீர் அடுப்புக்கு முட்டுக் கொடுத்த கல்லும் வேண்டாம். மறுபடி சூடு பட்டிருந்தால் பழைய பதிவு கலைந்திருக்கும். தம்பி ஊருக்கு வந்து திரும்பும்போது அவனிடம் கொடுத்தனுப்பினால் போதும்.

அன்புடன்,
உங்கள் மகள்