கேரவன் குழாய்களுக்கும் பனிக்காலக் காப்பு தேவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து கனடாவுக்கு வேலைக்குச் சென்ற நம் பிள்ளைகளில் கேரவன் (தண்ணீர்த் தொட்டி, குழாய், கழிவறை எல்லாம் உள்ள பயண வண்டி) வாங்கிக் கோடையில் குடும்பத்துடன் ஊர் சுற்றுவோரும் உண்டு; ஓசூர்க் குளிரையே கடுங்குளிராக எண்ணி வளர்ந்த அவர்களுக்கு, பனிக்காலத்தில் வண்டியை நிறுத்திவைக்கும் முறையைப் பெற்றோராவது நினைவூட்ட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுவதால், உள்ளே தங்கிய சிறிதளவு நீர்கூடப் பம்பையும் குழாய் இணைப்புகளையும் பிளந்துவிடும். பனி உருகி, மீண்டும் தண்ணீர் ஏற்றும்போதுதான் அந்தச் சேதம் தெரியவரும். ஆகவே தொட்டிகளை முழுவதும் வடித்து, வெந்நீர் ஹீட்டரை அணைத்து, அது ஆறி அழுத்தம் இறங்கிய பின்னரே அதன் அடைப்பைக் கழற்றி வடித்து, ஹீட்டருக்குள் எதுவும் போகாதபடி விலக்கிவிடும் பைபாஸ் வால்வைத் திருப்பிவிட்டு, உறைதடுப்புத் திரவத்தைப் பம்ப் மூலம் செலுத்த வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் வெந்நீர்ப் பக்கத்தையும் பச்சைத் தண்ணீர்ப் பக்கத்தையும் தனித்தனியே திறந்து, திரவத்தின் இளஞ்சிவப்பு நிறம் தெளிவாக வரும்வரை விட வேண்டும். ஷவரும் கழிவறையும் பலர் மறந்துவிடுபவை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அத்திரவம் குடிநீர்க் குழாய்களுக்கென்றே விற்கப்படும் புரொப்பிலீன் கிளைக்கால் வகையாக இருக்க வேண்டும். கார் ரேடியேட்டர்களில் பெரும்பாலும் ஊற்றப்படும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு என்பதால், குழந்தைகள் வாய் கொப்பளிக்கும் குழாயில் அதை ஒருபோதும் செலுத்தக் கூடாது.

இப்படிக்கு,
வாசகர், கிருஷ்ணகிரி.