கழுத்தில் மட்டும் சொடக்கு எடுக்க விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் இணைப்பில் மசாஜ் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தாய் மசாஜ், ஸ்வீடிஷ் மசாஜ், சூடான கல் மசாஜ் என்று வகை வகையாகப் படம் போட்டிருந்தீர்கள், சரி. ஆனால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தர் அதைப் படித்துவிட்டு, நாம் போகலாமா கூடாதா, போனால் யாரிடம் போவது என்று முடிவெடுக்க அதில் ஒரு வரி இல்லை. உடம்பிலுள்ள நச்சு எல்லாம் வெளியேறிவிடும் என்று வேறு எழுதியிருந்தீர்கள். எந்த நச்சு, எந்த வழியாக? அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன, முதுகில் எண்ணெய் தேய்ப்பதால் அதில் ஒன்றும் கூடிவிடப் போவதில்லை.

நான் மசாஜுக்கு எதிரி இல்லை. தென்காசிக்காரன். குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டால் மெயின் அருவிப் பக்கம் எண்ணெயோடு நிற்கிறவர்களிடம் உடம்பைக் கொடுத்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, அப்புறம் அருவியில் போய்த் தலையைக் கொடுப்பது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அன்றைக்கு ராத்திரி வரும் தூக்கமே தனி. சுகமாக இருக்கிறது, மனசு லேசாகிறது என்பதற்காக ஒருவர் மசாஜ் செய்துகொண்டால் அதற்கு வேறு நியாயம் தேவையே இல்லை. வலிக்கு வைத்தியமாக அதைத் தேடிப் போகும்போதுதான் விசாரிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

இடுப்பு வலியையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்குப் போவதற்கு முன் செய்து பார்க்கலாம் என்று அமெரிக்க மருத்துவர்கள் அமைப்பு ஒன்று 2017-ல் சொன்ன வழிகளில் சூடு ஒத்தடத்தோடு மசாஜும் இருக்கிறது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலிலும் உடற்பயிற்சியோடு மசாஜைச் சேர்த்திருக்கிறார்கள். இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவது நேர்மை இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்டுப் பார்க்கும் காக்ரேன் என்ற அமைப்பு 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015-ல் வெளியிட்ட மதிப்பாய்வு, வலி கொஞ்ச காலத்துக்குக் குறைகிறது, அதையும் அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆய்வுகளின் தரம் இல்லை என்கிறது. ஆக, மசாஜ் கொஞ்ச நாள் நிம்மதி தரும், அந்த நாட்களில் நடக்க ஆரம்பிக்கலாம், வலிக்குப் பயந்து விட்டுப்போன பயிற்சிகளைத் திரும்பத் தொடங்கலாம், அப்படிப் பயன்படுத்திக்கொண்டால் கொடுத்த காசுக்குப் பலன் உண்டு. எழுந்து வந்து மறுபடியும் அதே நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்தால் அடுத்த வாரம் மறுபடி போக வேண்டியதுதான், மசாஜ் நிலையக்காரருக்கு அதில் வருத்தம் இருக்காது.

இனி சொடக்கு. முடிவெட்டும் கடையிலும் சரி, அருவிக்கரையிலும் சரி, தலையையும் தோளையும் தட்டிப் பிடித்துவிட்டு, நாம் அசந்திருக்கும் நேரம் பார்த்து, தாடையைப் பிடித்துப் படக்கென்று ஒரு திருப்பு. சத்தம் கேட்டால்தான் சிலருக்குத் திருப்தி. கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக இரண்டு ரத்தக்குழாய்கள் மூளையின் பின்பகுதிக்குப் போகின்றன. திடீரென்று முறுக்கினால் அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து, அங்கே ரத்தம் கட்டி, பக்கவாதம் வரை போகலாம். அபூர்வம்தான், ஆனால் மருத்துவ உலகத்துக்குப் புதிது இல்லை. அழகு நிலையத்தில் தலை கழுவக் கழுத்தைப் பின்னால் சாய்த்து வைத்திருந்த பெண்களுக்கு இப்படி ஆனதை 1993-லேயே அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஒருவர் எழுதியிருக்கிறார். கழுத்தைத் திருப்பிய பிறகு தலைசுற்றல், வாந்தி, இரண்டிரண்டாகத் தெரிவது, நாக்கு குழறுவது, நடை தள்ளாடுவது என்று எது வந்தாலும் பித்தம் என்று சொல்லி எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், ஏனென்றால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். உட்காரும்போதே “அண்ணே, கழுத்துல சொடக்கு வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அடுத்தது கால் வீக்கம். எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டு, கட்டைப் பிரித்த கொஞ்ச நாளில் அந்தக் கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தது. ஆளாளுக்கு நல்லெண்ணெயைக் காய்ச்சி அழுத்தி உருவிவிடச் சொன்னார்கள், ஒருவரையும் கூட்டி வந்துவிட்டார்கள். வந்தவர் நல்ல மனுஷன். காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கு, இதில் நான் கை வைக்க மாட்டேன், டாக்டரிடம் காட்டுங்கள் என்று எழுந்து போய்விட்டார். ஸ்கேன் எடுத்ததில் ஆழத்திலுள்ள ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. அதை உருவியிருந்தால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்றார் டாக்டர். மசாஜ் செய்கிறவரின் திறமையில் பாதி, எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருப்பது. அந்த மனுஷனுக்குப் பட்டம் எதுவும் கிடையாது.

அதனால் ஆள் தேடுகிறவர்கள் அறை எப்படி, எண்ணெய் என்ன என்று பார்ப்பதை விட, நம்மைத் தொடுவதற்கு முன் அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். சர்க்கரை உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எலும்புத் தேய்வு உண்டா, சமீபத்தில் விழுந்தீர்களா, ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, பெண்களென்றால் கர்ப்பமா. ஒன்றுமே கேட்காமல் குப்புறப் படுக்கச் சொல்கிறவரிடம் வலியோடு போகாதீர்கள். பாதத்தில் மரமரப்பு உள்ள சர்க்கரைக்காரர்களுக்குச் சூடான எண்ணெய் தோலைப் பொசுக்கினாலும் தெரியாது, அவர்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. இடுப்பு வலியோடு சிறுநீர் கட்டுப்பாடு போவது, தொடை இடுக்கு மரத்துப்போவது, காலில் பலம் குறைவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை இறங்குவது இவையெல்லாம் டாக்டர் பார்க்க வேண்டியவை. அப்புறம், வலிக்க வலிக்க அழுத்தினால்தான் நல்ல மசாஜ் என்பதும் பொய். அடுத்த நாள் லேசாக வலிக்கலாம், கன்றிப்போகக் கூடாது.

காசு இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது, உங்கள் கட்டுரையில் விட்டுப்போனது இதுதான். தொக்கணம், அதாவது சித்த மருத்துவத்தின் மசாஜ், அதன் 32 புற மருத்துவ முறைகளில் ஒன்று. தட்டல், பிடித்தல், அழுத்தல் என்று அதில் ஒன்பது வகை சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்குப் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கம், சென்னைக்காரர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். அங்கே முதலில் டாக்டர் பார்ப்பார், அவர் எழுதிக் கொடுத்தால்தான் எண்ணெயே. எழுந்து நடமாட முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். அவர் நாலரை வருடம் படித்தவர், பத்து நாள் பயிற்சி முடித்துச் சான்றிதழை மாட்டி வைத்திருக்கிறவரோடு அவரை ஒன்றாக வைத்துப் பேசக்கூடாது.

கடைசியாக ஒரு சங்கடமான விஷயம். அந்தக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்திலேயே, பக்கவாதத்தையும் முடக்குவாதத்தையும் அடியோடு குணமாக்கும் மூலிகை எண்ணெய் என்று ஒரு விளம்பரம் இருந்தது. பக்கவாதத்துக்கும் வாத நோய்க்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-ஆம் ஆண்டு மத்திய சட்டம் ஒன்று இருக்கிறது. விளம்பரப் பிரிவு உங்கள் கையில் இல்லை என்று சொல்வீர்கள், எனக்கும் தெரியும். இருந்தாலும் அடுத்த இதழில் ஒரு அரசு பிசியோதெரபிஸ்டையும் ஒரு சித்த மருத்துவரையும் உட்கார வைத்துப் பேசி ஒரு பேட்டி போடுங்கள், அந்த விளம்பரம் எப்படி வந்தது என்றும் இரண்டு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
தென்காசி