சூரியன் வரும் படிக்கட்டு

எங்கள் சங்கத்துப் பெரியவர்களுக்கும், வட்ஸ்அப் குழுவில் இருக்கும் மாமா, மாமி, சித்தப்பா, பெரியம்மாமாருக்கும்,

வருகிற மார்ச்சில் நான் ஸ்வால்பார்ட், அதுதான் நோர்வேக்கு வடக்கே இருக்கும் பனித்தீவுகள், போகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து அம்மாவின் போன் ஓயவில்லை. எனக்கு ஒருவரும் எடுக்கவில்லை. "போகாதே" என்று எனக்குச் சொல்ல வேண்டியதை அம்மாவுக்குச் சொல்கிறீர்கள். அம்மா இரவில் அழுதுவிட்டு, காலையில் வீங்கின முகத்தோடு எனக்குத் தேத்தண்ணி தருகிறா. அதனால்தான் இந்த மடல். இனி என்னோடு நேரே கதையுங்கள்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்தது "அந்த வருத்தம்" இல்லை, இரத்தப் புற்றுநோய். 15 வயதில் வந்தது. இரண்டரை வருடம் மருந்து, மருந்து நிறுத்தி ஐந்து வருடம் தாண்டிவிட்டது. எனக்கு வந்த வகை வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பேர் நோர்வேயில் பிழைத்துக்கொள்கிறார்கள். நான் அந்த ஒன்பதில் ஒருத்தி. கலைவிழா மேடையில் ஏற்றி "கடவுளின் அற்புதம்" என்று என்னை அறிமுகம் செய்தபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு விக் கழன்றுவிடுமோ என்ற பயத்தில் வாய் திறக்கவில்லை.

"போறதுக்கு வேற இடமே கிடைக்கேல்லையா? பாரிசுக்குப் போகலாம், லண்டனுக்குப் போகலாம்" என்று கேட்கிறீர்களாம். உங்களுக்கா இது விளங்காது?

நான் பிறந்தது நோர்வேயின் வடகிழக்கு மூலையில், வார்டோவில். உங்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்து மீன் தொழிற்சாலைகளில் நின்றவர்கள்தானே. அப்பா எண்பதுகளின் கடைசியில் வந்து, கொட் மீன் வெட்டும் மேசையில் பதினாறு வருடம் நின்றார். நவம்பர் கடைசியில் போகிற சூரியன் அங்கே தை பிறந்து சில நாள் கழித்துத்தான் திரும்பும். தைப்பொங்கலன்று சூரியன் இருக்காது. அம்மா மின்னடுப்பில் பொங்கி, யன்னலைத் திறந்து, இருட்டுக்குப் படைப்பா. பிறகு ஒருநாள் சூரியன் முழு வட்டமாகத் தெரிந்ததும் கோட்டையில் பீரங்கி வெடிக்கும், பள்ளிக்கூடம் விடுமுறை. "எங்கட பொங்கலுக்கு இவங்கள் பிந்தி வெடி கொளுத்துறாங்கள்" என்று அப்பா ஒவ்வொரு வருடமும் சொல்வார். ஒவ்வொரு வருடமும் நாங்கள் சிரிப்போம்.

நோய் வந்தபிறகு என் முதல் மாரி வட நோர்வேயின் த்ரொம்சோ நகர வைத்தியசாலையில். அங்கேயும் சூரியன் இல்லை. ஸ்வால்பார்டில் முன்பு வேலை செய்த ஒரு தாதி, எனக்கு நித்திரை வராத இரவுகளில் அங்கத்தைய பெரிய ஊரான லோங்இயர்பியனைப் பற்றிச் சொல்வா. 78 பாகை வடக்கு. ஒக்டோபர் கடைசியில் போகிற சூரியன் பெப்ரவரி நடுவில்தான் அடிவானத்துக்கு மேலே வரும். வந்தும் ஊருக்குள் விழாது, மலை மறைக்கும். மார்ச் 8ஆம் திகதியளவில்தான் முதல் வெளிச்சம் ஊரைத் தொடும். அது எங்கே தொடும் தெரியுமா? பழைய வைத்தியசாலையின் படிக்கட்டில். வைத்தியசாலை இப்போது இல்லை, படிக்கட்டு மட்டும் நிற்கிறது. ஊரே அதைச் சுற்றிக் கூடி நிற்கும். பிள்ளைகள் சூரியனைக் கூப்பிட்டுக் கத்துவார்களாம்.

வைத்தியசாலை போய்விட்டது, படி மட்டும் நிற்கிறது என்று அவ சொன்ன அந்த இரவு எனக்கு 39 பாகை காய்ச்சல். அப்போதே முடிவெடுத்துவிட்டேன்.

படிக்கட்டோடு நிற்கப் போவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், பிறகு மறைத்தேன் என்று சொல்வீர்கள். அங்கிருந்து ஐந்து நாள், நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியில், பனிப்பாறைகளுக்குள். தெருவும் இல்லை, போன் சிக்னலும் இல்லை. அந்தத் தீவுக்கூட்டம் இலங்கையைவிடக் கொஞ்சம்தான் சின்னது. அதில் பாதிக்கு மேல் பனிப்பாறை, முழுவதற்கும் சேர்த்து மூவாயிரம் பேர்கூட இல்லை. எட்டு வருடமாக என்னை யாராவது பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். தாதி, வைத்தியர், அம்மா, நீங்கள். என்னை யாருமே பார்க்காத ஓர் இடத்தில் ஐந்து நாள் இருந்து பார்க்க ஆசை. வழிகாட்டியையும் நாய்களையும் கணக்கில் சேர்க்கவில்லை.

"குளிருக்கு உடம்பு தாங்குமா?" இந்தக் கேள்வி நியாயமானது, பதில் சொல்கிறேன். எனக்கு ஏற்றின மருந்துகளில் ஒன்று வின்கிறிஸ்டின். அதை எடுப்பது நித்தியகல்யாணிச் செடியில் இருந்து. அம்மம்மா வீட்டு வேலியோரம் ஒருவரும் தண்ணி ஊற்றாமல் பூத்துக் கிடக்குமே, பட்டிப்பூ, அதுதான். அந்தப் பூ என்னைக் காப்பாற்றினது, கூலியாக விரல் நுனிகளின் நரம்பைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் சட்டைப் பொத்தான் பூட்ட எனக்கு நேரம் எடுக்கும். உணர்ச்சி குறைந்த விரலில் உறைபனி பிடித்தால் அது நோகாது, நோகாததுதான் ஆபத்து. ஆகவே நொந்தால் பார்ப்போம் என்று இருக்க மாட்டேன். மணிக்கூட்டை வைத்து அரை மணிக்கொரு தரம் கையுறையைக் கழற்றி விரலின் நிறத்தைப் பார்ப்பேன். வழிகாட்டிக்கு இது தெரியும். இன்னொரு மருந்து சிவப்பு நிறம், அது இதயத்தைப் பலவீனமாக்கக்கூடும். அதற்காக இதயத்தை ஸ்கான் செய்து பார்த்தார்கள், நன்றாக இருக்கிறது. "போயிட்டு வா, படம் அனுப்பு" என்றார் என் வைத்தியர். மருந்து விஷயத்தில் அவரை நம்பின நீங்கள் இதிலும் நம்பலாம்.

இன்னொன்று. இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவின் நேர்த்திக்காக நல்லூர்க் கோயிலில் அடி அழித்தேன், அடிக்கு அடி நிலத்தில் விழுந்து கும்பிட்டு வீதி சுற்றினேன். ஆவணி வெயில், சுடுமணல், நெற்றியெல்லாம் புழுதி. அதற்கு நீங்கள் வாழ்த்துச் சொன்னீர்கள். உடம்பு தாங்குமா என்று அன்றைக்கு ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் அதை மனதோடுதான் செய்தேன், குறை சொல்லவில்லை. ஆனால் அம்மாவின் நேர்த்தியைத் தாங்கின உடம்பு என்னுடைய நேர்த்தியைத் தாங்காது என்று எப்படிக் கணக்குப் போட்டீர்கள்?

குழுவில் சுற்றுகிற ஒரு செய்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ஸ்வால்பார்டில் சாகிறது சட்டப்படி குற்றம்." இதை அம்மாவுக்கு நான்கு பேர் அனுப்பியிருக்கிறீர்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. நிலம் அடியில் நிரந்தரமாக உறைந்து கிடப்பதால் பெட்டியில் வைத்துப் புதைப்பதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். சின்ன வைத்தியசாலை ஒன்று இருக்கிறது. பெரிதாக ஏதும் என்றால் விமானத்தில் த்ரொம்சோவுக்குக் கொண்டுவருவார்கள். அதாவது என் பழைய வார்டுக்கே. அங்கே எனக்கு எந்த மெஷினில் கோப்பி நல்லது என்பதுவரை தெரியும்.

பனிக்கரடி இருக்கிறது, உண்மை. அதனால்தான் ஊருக்கு வெளியே போகிறவர்கள் அதை விரட்டுவதற்கு ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். எங்கள் வழிகாட்டியிடம் துவக்கும் இருக்கும். 1973 முதல் அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. மார்ச்சில் அதற்கு 500 மீற்றருக்குக் கிட்டப் போகக்கூடாது என்று புதுச் சட்டமும் 2025இல் வந்திருக்கிறது. எனக்கு அதைக் கிட்டப் பார்க்கும் ஆசை துளியும் இல்லை.

உண்மையில் என்னை மறித்தது கரடியோ குளிரோ இல்லை, ஒரு படிவம். தேடுதல், மீட்புச் செலவுக்குக் காப்புறுதி எடுக்கப் போனேன். "எப்போதாவது புற்றுநோய் வந்ததா?" என்ற கேள்விக்கு ஆம் என்று குறியிட்டதும், மிச்சம் எதையும் கேட்காமல் மறுத்துவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் ஒரு பெண் வைத்தியரின் கடிதத்தை வாங்கிப் படித்தா, இரண்டு கேள்வி கேட்டா, கூடக் கொஞ்சம் காசு வாங்கிக்கொண்டு தந்தா. நீங்களும் அந்த முதல் படிவம்போலத்தான் நடந்துகொள்கிறீர்கள் என்று சொன்னால் கோவிக்க வேண்டாம்.

காசுக் கதைக்கும் வருவோம். நான் படுத்திருந்தபோது சங்கம் சேர்த்துத் தந்த பணத்தில் "பிள்ளை பனி பார்க்கப் போகுது" என்று ஒருவர் சொன்னாராம். இந்த நாட்டில் வைத்தியசாலையில் படுத்திருக்கக் காசு கட்டுவதில்லை என்பது அவருக்கும் தெரியும். அந்தப் பணத்தை அப்பா அந்த வருடமே தெல்லிப்பளை புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டார், பற்றுச்சீட்டு வீட்டில் இருக்கிறது. இந்தப் பயணத்துக்கு நான் மூன்று வருடம் பேக்கரியில் காலை ஐந்து மணி வேலைக்குப் போனேன்.

கலியாணப் பேச்சுக் கெட்டுவிடும் என்பதற்கு இங்கே பதில் இல்லை. அதைப் பேசுகிறவர்கள் தனியாக எனக்கு எடுங்கள், வடிவாகக் கதைப்போம்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அந்த ஐந்து நாளும் என்னிடமிருந்து செய்தி வராது. அம்மாவுக்குப் போன் எடுத்து "ஏதும் தெரியுமோ?" என்று கேட்காதீர்கள். முடிந்தால் வீட்டுக்குப் போங்கள். போகிறவர் புட்டோ இடியப்பமோ கொண்டுபோனால் நல்லது, அந்த நாட்களில் அம்மா சமைக்க மாட்டா.

மார்ச் 8 அன்று, மத்தியானம் ஒரு மணிக்குக் கிட்ட அந்தப் படியில் நிற்பேன். முகில் மூடினால் அடுத்த நாளும் போவேன். அன்றிரவு தங்குமிடத்தில் பொங்கப் போகிறேன், தைப்பொங்கல் ஏழு கிழமை பிந்தி. பச்சரிசியும் சர்க்கரையும் எடுத்து வைத்துவிட்டேன், பால் அங்கே கடையில் வாங்கலாம். வறுத்த பயறும் கஜுவும் முந்திரிகை வற்றலும் இன்னும் வாங்கவில்லை. தர விரும்புகிறவர்கள் பெப்ரவரி முடிவதற்குள் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம், விமானத்தில் நிறை பார்ப்பார்கள்.

அன்புடன்,
வார்டோவில் பிறந்த உங்கள் பிள்ளை